சிங்கப்பூரில் செய்த கேமராவை இங்கே யார் திறப்பார்?

என் பெரியம்மாவிடம் ஒரு ரோலை 35 எஸ் கேமரா இருக்கிறது. சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கையில் எடுத்தால் அந்த உருவத்துக்குப் பொருந்தாத கனம். அதன் உடம்பில் ‘மேட் பை ரோலை சிங்கப்பூர்’ என்று பொறித்திருக்கிறது. பெரியம்மா கல்யாணத்துக்கு முன் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், லென்ஸ் பூட்டும் வரிசையில். ‘தூசி ஒன்னு உள்ள போயிட்டாப் போதும், திருப்பி அனுப்பிடுவாங்க’ என்று இன்றைக்கும் சொல்வார்.

சில வருஷங்களுக்கு முன் அலமாரியிலிருந்து அதை எடுத்துப் பார்த்தேன். ஃபிலிமில் வெளிச்சம் விழத் திறந்து மூடும் ஷட்டர், வேகமான அளவுகளில் ஒழுங்காக அடித்தது. 1/15 நொடியைவிட மெதுவான வேகத்துக்குத் திருப்பினால் ஷட்டர் திறந்து அப்படியே நின்றுவிட்டது. இந்தத் தீவில் செய்த கேமராவுக்கு இந்தத் தீவிலேயே வைத்தியம் கிடைக்கும் என்று நம்பித்தான் கிளம்பினேன். அதைத் திறக்கத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அந்த ஒரு வருஷத்தில் நான் அதிகம் கேட்ட பதில், ‘ஸ்பேர் கிடைக்காது’. ஆனால் கடைசியில் கேமரா சரியானபோது ஒரு ஸ்பேர்கூட மாற்றியிருக்கவில்லை. இறுகிப்போன எண்ணெயைக் கழுவி, புது எண்ணெய் இட்டு, வேகங்களைச் சரிபார்த்ததோடு வேலை முடிந்தது. பழைய ஃபிலிம் கேமரா என்றாலே நாம் உதிரிபாகத் தட்டுப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். பிரித்ததைப் பிழையில்லாமல் திரும்பப் பூட்டத் தெரிந்த கைகள் அதைவிட அரிதாகிவிட்டன என்பது என் அனுபவம்.

அந்தக் கைகள் இங்கே ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தன. ரோலை 35 கேமராவை வடிவமைத்தவர் ஹைன்ஸ் வாஸ்கே என்ற ஜெர்மானியப் பொறியாளர். 1966-ல் கொலோன் நகரின் ஃபோட்டோகினா கண்காட்சியில் அது வெளிவந்தது. ஜெர்மனியில் கூலி ஏறிக்கொண்டே போக, ஜப்பானியக் கேமராக்களோடு விலையில் போட்டிபோட முடியாத ரோலை நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தியைச் சிங்கப்பூருக்கு மாற்றியது. உச்சத்தில் இங்கே 5000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். லென்ஸ், ஷட்டர், உடல் என்று முழுக் கேமராவும் இங்கேயே உருவானது.

அதைவிட முக்கியமான ஒன்றும் அப்போது நடந்தது. 1970-களில் அரசாங்கம் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து பயிற்சி நிலையங்களைத் தொடங்கியது. 1972-ல் இந்தியாவின் டாடாவோடு ஒன்று, 1973-ல் ரோலையோடு ஒன்று, 1975-ல் ஃபிலிப்ஸோடு ஒன்று. பள்ளி முடித்த பிள்ளைகள் அங்கே நுண்பொறியியல் கற்றார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைச் சீவவும், அதை அளந்து பார்க்கவும் பழகினார்கள்.

1981-ல் ரோலை நொடித்துப்போனது, இங்கிருந்த ஆலையும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே சீகேட் நிறுவனம் சிங்கப்பூருக்கு வந்து, கணினி வட்டு இயக்கிகள் செய்யும் தொழில் இங்கே வேர்விட்டது. நுண்வேலை பழகிய தலைமுறைக்கு வேறு வேலைகள், இன்னும் நல்ல சம்பளத்தோடு, காத்திருந்தன. அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கடை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பழைய ஷட்டரைப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான். அப்படியும் சிலர் உட்கார்ந்தார்கள். இன்று நாம் தேடிப்போவது அவர்களையும், அவர்களிடம் கற்றவர்களையும்தான்.

சரி, ஒரு கேமரா ஏன் நின்றுபோகிறது? இதைப் புரிந்துகொண்டால் யாரைத் தேட வேண்டும் என்பதும் ஓரளவு புரிந்துவிடும்.

வேகமான ஷட்டரில் சுருள்வில்லின் விசையே வேலையைச் செய்துவிடும். அரை நொடி, கால் நொடி போன்ற மெதுவான வேகங்களில், திறந்த ஷட்டர் மூடாமல் தாமதிக்க வேண்டும். அதற்காகவே உள்ளே சிறு பற்சக்கரங்களின் வரிசை ஒன்று இருக்கும், கடிகாரத்தில் இருப்பதைப் போல. மெதுவான வேகத்தில் அடிக்கும்போது ‘ஸ்ர்ர்ர்’ என்று கேட்கும் சத்தம் அதனுடையதுதான். அதிலுள்ள எண்ணெய் 40 வருஷத்தில் பிசினாகிவிடுகிறது. சக்கரங்கள் தயங்குகின்றன, பிறகு நின்றேவிடுகின்றன. லென்ஸின் குவிய வளையத்தில் இட்ட கிரீஸ் பிரிந்து, அதிலிருந்து கசியும் எண்ணெய், வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் துளைத் தகடுகளில் ஏறி அவற்றை ஒட்டவைப்பதும் இதே வகைக் கோளாறு. உடைந்தது எதுவும் கிடையாது. கழுவி, எண்ணெயிட்டு, சரிசெய்ய வேண்டும். இந்த வேலையைத்தான் கேமராக்காரர்கள் சிஎல்ஏ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ரோலை 35-ன் லென்ஸ் குழாய் உள்ளே அமுங்கக்கூடியது. அதற்காக வாஸ்கே ஷட்டரையே இரண்டாகப் பிரித்துவிட்டார். தகடுகள் குழாயோடு நகரும், நேரத்தைக் கணக்கிடும் பகுதி உடம்பிலேயே தங்கிவிடும். குழாயை வெளியே இழுத்துத் திருகும்போது இரண்டும் கைகோத்துக்கொள்ளும். கேமராவைச் சட்டைப் பையில் அடக்கியது இந்த யோசனைதான். பழுதுபார்ப்பவருக்குத் தலைவலியும் இதேதான். பூட்டும்போது இரண்டும் மயிரிழை விலகினாலும் வேகம் எல்லாம் மாறிவிடும். ‘ஸ்பேர் கிடைக்காது’ என்று என்னைத் திருப்பி அனுப்பியவர்களில் சிலர் உண்மையில் சொல்ல வந்தது, ‘எனக்கு இதில் பழக்கமில்லை’ என்பதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்படி நேராகவே சொல்லியிருந்தால் எனக்கு அலைச்சல் குறைந்திருக்கும்.

ஸ்பேர் பிரச்சினை இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அது எல்லாக் கேமராவிலும் ஒரே மாதிரி கிடையாது. 1970-களின் ஜப்பானியக் கேமராக்களில் பின்கதவின் விளிம்பில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒரு நுரைப்பட்டை ஒட்டியிருப்பார்கள். அது ஏறக்குறைய எல்லாவற்றிலும் கறுப்புத் தாராகி உருகியிருக்கும். இதற்கு மூல நிறுவனத்தின் பாகம் தேவையே இல்லை. சரியான தடிமனில் நுரைத்தாள் வாங்கி, பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தெடுத்து, வெட்டி ஒட்டினால் போதும். பொறுமை உள்ள எவரும் வீட்டிலேயே செய்யலாம். ஒலிம்பஸ் ஓஎம்-1 வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னோர் இடத்தையும் கவனிக்க வேண்டும். வியூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பிவிடும் கண்ணாடிப் பட்டகத்தின் மேல் இருக்கும் நுரை சிதைந்தால் பட்டகத்தின் வெள்ளிப் பூச்சையே அரித்துவிடும். வியூஃபைண்டரில் கறைபோலத் தெரியத் தொடங்கினால் தள்ளிப்போடக் கூடாது. நுரையை உடனே எடுத்துவிட்டால் பட்டகம் பிழைக்கும். விட்டுவிட்டால் வேறொரு கேமராவிலிருந்துதான் பட்டகம் எடுக்க வேண்டியிருக்கும்.

கேனான் ஏஇ-1 அடிக்கும்போது ஆஸ்துமாக்காரர் மூச்சுபோல் ஒரு கீச்சொலி வருவது உலகம் முழுக்கப் பிரசித்தம். கண்ணாடியை இயக்கும் சக்கரங்கள் காய்ந்துபோனதால் வருவது அது. இடம் தெரிந்தவர் ஊசிமுனையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தால் அடங்கிவிடும். இடம் தெரியாதவர் பல சொட்டு ஊற்றினால் அது ஷட்டருக்கும் குவியத்திரைக்கும் பரவிக் கேமராவே பாழாகும். மினோல்டா எக்ஸ்-700 திடீரென்று செத்துப்போவதற்குப் பெரும்பாலும் ஒரு மின்தேக்கிதான் காரணம். அதே அளவுள்ள சாதாரண மின்தேக்கி எந்த எலக்ட்ரானிக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இவையெல்லாம் பொதுப் பாகங்கள்.

அந்த மாடலுக்கென்றே செய்த பாகங்களின் கதை வேறு. உலோகச் சக்கரமோ நெம்புகோலோ என்றால் இன்னொரு செத்த கேமராவிலிருந்து எடுத்துப் போடலாம். டோனர் பாடி என்று சொல்கிறார்கள். பென்டாக்ஸ் கே1000 1976 முதல் 1997 வரை 20 வருஷத்துக்கு மேல் உற்பத்தியில் இருந்தது. அதனால் அதற்கு டோனர் பஞ்சம் என்பதே இப்போதைக்கு இல்லை. கையில் திறமை உள்ளவர் ஒரு நெம்புகோலைப் பித்தளையில் அறுத்தே செய்துவிடுவார். சிறு பிளாஸ்டிக் பாகங்களை முப்பரிமாண அச்சில் செய்துகொள்பவர்களும் வந்துவிட்டார்கள்.

உண்மையிலேயே வழி அடைபடுவது மின்சுற்றில்தான். 1990-ல் வந்த கான்டாக்ஸ் டி2 ஒரு நல்ல உதாரணம். டைட்டானியம் உடம்பு, அருமையான சோனார் லென்ஸ், இன்று வாய்பிளக்க வைக்கும் விலை. அதைத் தயாரித்த கியோசெரா 2005-ல் கேமரா தொழிலையே விட்டுவிட்டது. உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லும், வளையக்கூடிய மின்பட்டையும் அந்த மாடலுக்கென்றே செய்தவை, புதிதாகச் செய்ய யாருமில்லை. டோனரிலிருந்து எடுத்துப் போட்டாலும் அந்தச் சில்லுக்கும் அதே வயதுதான். இதனால்தான் ‘எந்தக் கேமரா வாங்கலாம்?’ என்று யாராவது கேட்டால், முதல் கேமராவாக முழுக்க இயந்திரத்தால் ஓடும் ஒன்றை வாங்கச் சொல்கிறேன். கே1000, ஓஎம்-1, நிக்கான் எஃப்எம்2 எதுவாகவும் இருக்கட்டும். இவற்றில் பேட்டரி செத்தாலும் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி மட்டும்தான் நிற்கும், ஷட்டர் ஓடும்.

பேட்டரி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1960, 70-களின் கேமராக்களில் பலவற்றுக்கு பிஎக்ஸ்625 என்ற 1.35 வோல்ட் பாதரச பேட்டரி வேண்டும். பாதரசம் நஞ்சு என்பதால் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அது நல்ல முடிவுதான். அதே உருவத்தில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கிப் போகப்போக இறங்கும் என்பதால் ஒளிமானி தப்புக் கணக்குச் சொல்லும். ‘மீட்டர் கெட்டுவிட்டது’ என்று பழுதுபார்க்கக் கொண்டுபோகும் கேமராக்களில் சிலவற்றுக்கு இதுதான் நோய். செவித்துணைக் கருவிக்குப் போடும் 675 அளவு துத்தநாகக் காற்று பேட்டரியை ஒரு வளையத்துக்குள் வைத்துப் போட்டால் மின்னழுத்தம் ஏறக்குறைய சரியாக இருக்கும். சில வாரங்கள், அதிகம் போனால் சில மாதங்கள் ஓடும். பாகம் ஏதும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்த்துவிட வேண்டும்.

இப்போது தேடும் இடங்கள். சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கினால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு எதிரே பெனின்சுலா பிளாசா, அதை ஒட்டிக் கோல்மன் ஸ்திரீட்டில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர், பக்கத்தில் அடெல்ஃபி. பழைய கேமராக்களைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் கடைகள் இந்த நாலடிக்குள்தான் அதிகம். பழுதுபார்ப்பவர்கள் பலருக்கு பலகையே கிடையாது. கடைக்காரர் கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு வேறொருவரிடம் அனுப்புவார், அந்த வேறொருவர் தன் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்வார். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எவ்வளவு?’ இல்லை. ‘அங்கிள், இதை நீங்களே திறப்பீர்களா, வெளியே கொடுப்பீர்களா?’ என்று மரியாதையாகக் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

சுங்கை ரோடு சந்தை இருந்தவரை டோனர் பாடி தேடுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. தரையில் விரித்த துணியில், பழைய கைப்பேசிக்கும் கடிகாரத்துக்கும் நடுவே, ஓடாத யாஷிக்காவும் மினோல்டாவும் கிடக்கும். 2017 ஜூலை 10-ம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. இப்போது அந்த வேலையை, பழைய பொருள்களை வாங்கி விற்கும் கேரோசல் செயலி செய்கிறது. கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கும் வசதிதான் இல்லை. ஜப்பானிய ஏலத் தளங்களில் ‘ஜங்க்’ என்று போட்டு விற்கும் கேமராக்கள் டோனருக்கு நல்ல ஊற்று. அந்தச் சொல்லுக்கு ‘சோதிக்கவில்லை, உத்தரவாதம் இல்லை’ என்றுதான் பொருள். சில சமயம் முழுக்க ஓடும் கேமராவே வந்துசேரும், அதை நம்பி வாங்கக் கூடாது. அஞ்சல் செலவோடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024-லிருந்து அது 9 விழுக்காடு. 400 வெள்ளிக்குக் குறைவான பொருளுக்கு வரி இல்லை என்ற பழைய கணக்கும் 2023-லிருந்து மாறிவிட்டது.

நான் முதலில் கொடுத்த கடையில் கேமரா மூன்று மாதம் இருந்தது. திரும்பி வந்தபோது மெதுவான வேகங்கள் அப்படியே நின்றன. கூடவே மேல்தகட்டின் இரண்டு திருகாணித் தலைகள் சிதைந்திருந்தன. அளவு பொருந்தாத திருப்புளியை வைத்து யாரோ அழுத்தியிருக்கிறார்கள். ஜப்பானியக் கேமராக்களில் இது இன்னும் அதிகம் நடக்கும், ஏனென்றால் அவற்றின் கூட்டல்குறித் திருகாணிகள் ஜப்பானியத் தர அளவில் செய்தவை, சாதாரண ஃபிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக இறங்காமல் வழுக்கும். அன்றிலிருந்து எந்தப் பழைய கேமராவை வாங்கினாலும் முதலில் திருகாணித் தலைகளைத்தான் பார்க்கிறேன். அதற்கு முன் யார் கை பட்டிருக்கிறது என்பதை அவை சொல்லிவிடும்.

நல்ல பழுதுபார்ப்பவரை எப்படி அடையாளம் காண்பது? எனக்குப் பலித்த வழியைச் சொல்கிறேன். அவர் எந்தெந்த மாடலைத் தொடமாட்டார் என்று கேளுங்கள். ‘எல்லாம் பார்ப்பேன்’ என்பவரைவிட, ‘லைக்கா எம், ரோலை பார்ப்பேன். எலக்ட்ரானிக் காம்பாக்ட் வேண்டாம்’ என்பவரிடம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம். கோளாறைச் சொல்லும்போது நோயின் பெயரைச் சொல்லாமல் அறிகுறியைச் சொல்லுங்கள். ‘ஷட்டர் போச்சு’ என்பது எதற்கும் உதவாது. ‘1/15-க்குக் கீழே திறந்தபடி நிற்கிறது, காலையில் அதிகம், கொஞ்சம் ஓட்டினால் சரியாகிறது’ என்றால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். கோளாறு தெரியும் நெகட்டிவ் இருந்தால் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரே பக்கம் இருட்டாக இருந்தால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று அவர் பார்த்த உடனே சொல்லிவிடுவார். ஷட்டர் வேகத்தை எதில் அளக்கிறார் என்றும் கேட்கலாம். காதால் கேட்டே கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் 1/500-ஐக் காதால் அளக்க முடியாது, அதற்குக் கருவி வேண்டும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். 100 வெள்ளிக்கு வாங்கிய கேமராவுக்கு 200 வெள்ளி சர்வீஸ் செலவா என்று நம்மவர்கள் மலைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கேமராவைப் பிரித்து, கழுவி, பூட்டி, வேகம் பார்த்து, சரியில்லை என்று மறுபடி பிரிக்க ஒரு முழு நாள் போய்விடும். சிங்கப்பூரில் அந்த ஒரு நாளை வேறு எந்தத் தொழிலில் செலவிட்டாலும் அவருக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். 60 வெள்ளிக்கு முடித்துத் தரச் சொல்லி நாம் பேரம் பேசினால், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள எந்த இளைஞர் வருவார்? பெரியம்மாவின் கேமராவைச் சரிசெய்தவருக்கு 70 வயது தாண்டியிருந்தது. ‘எனக்குப் பிறகு என் டோனர் பெட்டிகளை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை’ என்றார். நாலைந்து பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சிறு டப்பாக்கள். எந்தத் திருகாணி எந்தக் கேமராவுக்கு என்பது அந்த எழுத்திலும் அவர் நினைவிலும்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பெட்டிகள்தான்.

சரிசெய்த கேமராவைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு. இந்த ஊரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பூஞ்சைக்கு அது விருந்து. லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் படரும் பூஞ்சை, தான் கசியும் அமிலத்தால் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். தொடக்கத்திலேயே பிரித்துத் துடைத்தால் தடம் தெரியாது. நாள் கடந்துவிட்டால் பூஞ்சை போனாலும் தழும்பு நிற்கும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட் என்ற அலமாரியில் சின்னதாக ஒன்று வாங்கி, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருங்கள். தோல் உறையில் மட்டும் மூடி வைக்காதீர்கள், அந்தத் தோலே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காரின் பின்பெட்டியில் வெயிலில் விட்டுப்போனால் கிரீஸ் உருகிக் கசியும். மாதம் ஒருமுறை எடுத்து, ஃபிலிம் இல்லாமலே எல்லா வேகத்திலும் சில தடவை அடித்துப் பாருங்கள்.

கற்றுக்கொள்ள ஆசைப்படும் இளையவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓடாத பழைய கேமரா ஒன்றை வாங்கிப் பிரித்துப் பாருங்கள், தாத்தா விட்டுப்போன கேமராவில் கைவைக்காதீர்கள். ஒவ்வொரு திருகாணி எடுக்கும்போதும் கைப்பேசியில் ஒரு படம். பழைய சர்வீஸ் கையேடுகள் பல மாடல்களுக்குக் கிடைக்கின்றன. மூன்று நான்கு கேமராவைக் கெடுத்த பிறகு, வேலை தெரிந்த ஒருவரிடம் போய்க் கேள்வி கேட்டால், அவர் முகமே மாறிவிடும். என்னைவிட வயதில் மிகவும் சிறிய ஒரு தம்பி இப்போது சனிக்கிழமைகளில் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போய்வருகிறான். முதல் இரண்டு மாதம் நுரைப்பட்டை ஒட்டுவது மட்டும்தான் வேலை. போன மாதம் ஒரு கே1000-ன் மேல்தகட்டைத் திறக்க விட்டாராம்.

பெரியம்மாவிடம் கேமராவைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் லென்ஸை இழுத்துத் திருகி, வேகத்தை அரை நொடியில் வைத்து, காதருகே பிடித்து அழுத்தினார். ‘ஸ்ர்ர்ர்’ என்று ஓடி மூடியது. இன்னொரு தடவை அழுத்தினார். அப்புறம், லென்ஸை உள்ளே தள்ளுவதற்கு முன் ஷட்டரை ஏற்றியாக வேண்டும் என்பதை நான் சொல்லாமலே, இடது பக்கத்திலிருக்கும் நெம்புகோலைக் கட்டைவிரலால் தள்ளினார்.